அவை நடுவே ஒரு சுக்கான்

கடல் இன்றைக்கு இருக்கிற இடத்துக்கு இன்னும் வந்து சேராத காலம் அது. கேட்க வந்திருக்கிற சின்னவர்களும் பெரியவர்களும் நன்றாக நிமிர்ந்து உட்காருங்கள். இது குனிந்து கேட்கிற கதை இல்லை.

அந்தக் காலத்தில் வெண்மணல்பட்டினம் என்று ஒரு துறைமுக ஊர் இருந்தது. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டின் மேல் ஊர். ஊரை ஆண்டவன் சேந்தன் என்கிற ராஜா. நல்லவன். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவன். ராஜாவாக இருப்பவனுக்கு அது கொஞ்சம் ஆபத்தான குணம், போகப் போகத் தெரியும்.

ராஜாவின் பாய்மரப் படகுக்குச் சுக்கான் பிடித்தவள் தாழை. அந்த ஊரில் சுக்கான் பிடித்த முதல் பெண் அவள்தான். கழிமுகத்தில் மணல் தினம் ஒரு புது இடத்தில் மேடு கட்டும். அதில் தட்டாமல் படகை உள்ளே கொண்டுவர அவளை விட்டால் ஆள் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. கடைத்தெருவில் மீன் கூடையோடு நடந்தாலும் அவள் நடையில் அது தெரியும். தெரியட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே!

அவள் வாழ்க்கைப்பட்டு மீனவர் தெருவுக்கு வந்தபோது, அவள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று வீடுகள் இருந்தன. ஒரு மழைக்காலம் முதல் வீட்டைக் கொண்டுபோயிற்று. அடுத்த மழைக்காலம் இரண்டாவது வீட்டைக் கொண்டுபோயிற்று. போன மழைக்காலத்தில் மூன்றாவது வீடும் போயிற்று. இப்போது தெருவின் முதல் வீடு அவளுடையது. அடுத்த ஐப்பசி வந்தால் அதுவும் இருக்காது, அதற்குப் பின்னால் இருக்கிற தெருவும் இருக்காது. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஊரையே இடம் மாற்ற வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் முடிவு எடுக்க வேண்டியது ராஜாவின் அவை. அந்த அவையில்தான் இரண்டு அமைச்சர்கள் இருந்தார்கள்.

ஒருவர் அத்திக்கோன். அவர் கண் எப்போதும் தொலைவில்தான் இருக்கும். நூறு வருஷம் கழித்து ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரு தெருவாகச் சொல்வார். இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மனைவியைக் கூப்பிடுவார்.

மற்றவர் பதுமன். அவர் கண் எப்போதும் காலடியில்தான் இருக்கும். ஒரு வண்டிச் சக்கரத்தில் எத்தனை ஆரக்கால் என்று கேட்டால் பார்க்காமலே சொல்வார். வண்டி எங்கே போகிறது என்று கேட்டால், "அதைச் சக்கரத்திடம் கேட்கக் கூடாது" என்பார்.

இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். இரண்டு பேருமே ஊர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது.

அவையில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவை கூடும். மண்டபத்து நடுத்தூணில் விழுகிற வெயில் தூணை விட்டு நகர்வதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அந்தப் பேச்சு அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப்போகும்.

ஆனியில் அவை கூடியது. அத்திக்கோன் எழுந்தார். "கழிக்கு அக்கரையில் ஒன்பது பனை மேடு இருக்கிறது, அரசே. கடல் ஆயிரம் வருஷம் ஆனாலும் அங்கே வராது. நம் பேரனுக்குப் பேரன் வாழப்போகிற ஊர் அது!" என்று தொடங்கி, தெருக்களின் அகலம் வரைக்கும் பேசினார். பதுமன் எழுந்து, "வண்டிக்கு அச்சாணி எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். வெயில் தூணை விட்டு நகர்ந்தது.

ஆடியில் அவை கூடியது. பதுமன் எழுந்தார். எந்த வீட்டில் எத்தனை பானை, எந்தப் பானையில் விரிசல், எந்தக் கிழவருக்குக் காலில் வலி என்று ஓலை ஓலையாக வாசித்தார். அத்திக்கோன் பாதியிலேயே கண்ணை மூடிவிட்டார். கண்ணைத் திறந்தவர், "ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால் உறியைப் பற்றிப் பேசுகிறீரே!" என்றார். வெயில் தூணை விட்டு நகர்ந்தது.

ஆவணியில் அவை கூடியது. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் எழுந்தார்கள், சேர்ந்தாற்போல் கத்தினார்கள். யார் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை. வெயில் எப்போது நகர்ந்தது என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

ராஜா சேந்தனுக்குத் தலைவலி வந்துவிட்டது. யார் மனமும் நோகக் கூடாதே! யோசித்தான். "இனி நீங்கள் ஒரே மண்டபத்தில் உட்கார வேண்டாம். அத்திக்கோன் காலையில் வந்து எங்கே போவது என்று சொல்லட்டும். பதுமன் மாலையில் வந்து எப்படிப் போவது என்று சொல்லட்டும்" என்றான்.

அமைச்சர்கள் இரண்டு பேருக்கும் பரம சந்தோஷம். அவையில் சத்தமே இல்லை. ராஜாவுக்குத் தலைவலியும் இல்லை. இதைப் போய் முதலிலேயே செய்யாமல் விட்டோமே என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

புரட்டாசி பிறந்ததும் முதல் தெரு கிளம்பியது. கடலுக்கு எந்தத் தெரு பக்கமோ அது முதலில் போக வேண்டும் என்று பதுமன் எழுதியிருந்தார். ஆகவே மீனவர் தெரு கிளம்பியது. தாழை தன் வீட்டுக் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினாள். திரும்பி ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

பதுமனின் ஏற்பாட்டைச் சும்மா சொல்லக் கூடாது. நானூற்றுப் பன்னிரண்டு பானைகள். ஒவ்வொன்றையும் வைக்கோல் சுற்றி, வண்டிக்கு இத்தனை என்று அடுக்கியிருந்தார். வழியில் ஒன்றுகூட உடையவில்லை. கழி முடிகிற முனையைச் சுற்றிக்கொண்டு அரை நாள் பயணம் போய், வண்டிகள் மேட்டில் ஏறின.

அத்திக்கோனின் ஏற்பாட்டையும் சும்மா சொல்லக் கூடாது. மேடு முழுக்கக் கொடி நட்டு அடையாளம் வைத்திருந்தார். இது கோயில் தெரு, இது கடைத்தெரு, இது பெரிய குளம். குளத்துக்கு விட்டிருந்த இடத்தில் நான்கு யானைகள் நீந்தி விளையாடலாம். தோண்டி முடிக்க மூன்று வருஷம்.

பிள்ளைகள் தண்ணீர் கேட்டார்கள்.

பானைகளை இறக்கிப் பார்த்தார்கள். தண்ணீரோடு ஏற்றினால் கனம் தாங்காது, தளும்பும், சக்கரம் மணலில் இறங்கும் என்று பதுமன் எல்லாவற்றையும் காலியாகவே ஏற்றச் சொல்லியிருந்தார். குளம் வரப்போகிற இடத்துக்கு ஓடிப் பார்த்தார்கள். அங்கே கொடி பறந்தது. கழித் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நானூற்றுப் பன்னிரண்டு பானை இருந்தது, யானை நீந்துகிற குளத்துக்கு இடம் இருந்தது, குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

வந்த வழியே வண்டிகள் திரும்பின. தாழையின் சின்ன மகள் வழியில் மயங்கி அம்மாவின் தோளில் சாய்ந்தாள். உதடு வெடித்திருந்தது. வெண்மணல்பட்டினத்தின் முதல் கிணற்றடியில் அவள் கண் திறக்கும் வரைக்கும் தாழை அவளைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

மீனவர் தெரு கொதித்துப்போனது. "இனிமே யாரு கூப்பிட்டாலும் வர மாட்டோம். கடலு தின்னா தின்னுட்டுப் போகட்டும். எங்க வீட்டுலயே சாவுறோம்!" என்றது. அதைக் கேட்டு மற்றத் தெருக்களும் அதையே சொல்லின. ஐப்பசிக்கு இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு.

மறுநாள் காலை தாழை நேராக ராஜாவிடம் போனாள்.

"ராசா, ஒண்ணு கேக்கணும். கழிமுகத்துல உங்க படகு இதுவரைக்கும் ஒரு தடவையாச்சும் தரை தட்டியிருக்கா?" என்றாள்.

"இல்லை" என்றான் ராஜா.

"என் படகுல ரெண்டு பேரு இருக்காங்க. பாய்மரத்து உச்சியில ஒருத்தன், அவனுக்குத் தூரம் தெரியும், அடியில என்னன்னு தெரியாது. படகு மூக்குல, முன்னணியத்துல, குண்டு கட்டின கயித்தோட ஒருத்தன், அவனுக்கு ஆழம் தெரியும், கரை எந்தப் பக்கம்னு தெரியாது. மேல இருக்கறவன் குரல் குடுத்தா, கீழ இருக்கறவன் அதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் தன் ஆழத்தைச் சொல்லணும். கீழ இருக்கறவன் சொன்னா, மேல இருக்கறவன் அதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் அடுத்த குரல் குடுக்கணும். ஒருத்தன் திருப்பிச் சொல்லலைன்னா நான் சுக்கானைத் திருப்ப மாட்டேன். படகு நின்னாலும் சரி. நீங்க என்ன பண்ணீங்க? ஒருத்தனைக் காலையில ஏத்தினீங்க, இன்னொருத்தனைச் சாயங்காலம் ஏத்தினீங்க. அப்புறம் எப்படி ராசா படகு போகும்?"

ராஜாவிடம் இப்படிப் பேசலாமா என்று காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா தலை குனிந்தான். "என்ன வேண்டும், சொல்" என்றான்.

"எனக்கு உங்க அவையில ஒரு இடம் வேணும். தூணு, வெயிலு எல்லாம் பாக்கக் கூடாது. மழைக்கு முன்னால ஊரு நகரலைன்னா, சுக்கானை உங்க காலடியில வெச்சிட்டுப் போயிடறேன். அப்புறம் தொட மாட்டேன்."

அவளோடு வந்திருந்த படகு ஆட்கள் பதறிப்போனார்கள். அவள் உயிரைப் பணயம் வைத்திருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கே அவை கூடியது. தாழை தன் சுக்கான் கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, இரண்டு அமைச்சர்களுக்கும் நடுவில் தரையில் வைத்தாள். அதில் பாசியும் உப்பும் அப்படியே இருந்தன. தன் படகின் விதியைச் சொல்லி, பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அத்திக்கோன் பேசினார். நீளமாகப் பேசினார். பதுமனைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, "வழக்கம்போல் ஏதோ பெரிதாகச் சொன்னார்" என்றார் அவர்.

"படகு நிக்குது, ஐயா" என்றாள் தாழை.

பதுமன் பேசினார். அத்திக்கோனைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். "பானை, கயிறு, வைக்கோல்…" என்று மூன்றைச் சொன்னவர், நான்காவதற்கு உத்திரத்தைப் பார்த்தார்.

"படகு நிக்குது, ஐயா."

வெயில் தூணை விட்டு நகர்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. தாழை கை கட்டி உட்கார்ந்திருந்தாள். பேசத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் ஒரு சொல்லும் பேச முடியாமல் ஒரு மரக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அத்திக்கோன் மெல்லத் தொடங்கினார். இந்த முறை சுருக்கமாகச் சொன்னார். பதுமன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்னார். "கடல் வராத மேட்டில் ஊர் இருக்க வேண்டும் என்கிறார். பேரனுக்குப் பேரன் அங்கே இருக்க வேண்டும் என்கிறார். பெரிய குளம் வரும் என்கிறார், மூன்று வருஷத்தில்…"

அங்கே அவர் நின்றார். அடுத்தவர் சொன்னதைக் காதால் கேட்பது வேறு, தன் வாயால் சொல்லிப் பார்ப்பது வேறு. அவர் முகம் மாறியது. "நானூற்றுப் பன்னிரண்டு பானையும் காலி. மூன்று வருஷம் வரை குடிப்பதற்கு?" என்று கேட்டார்.

நான்கு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது.

அத்திக்கோன் உடனே பதில் சொல்ல வாயெடுத்தார். தாழை சுக்கானைத் தட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டு, திருப்பிச் சொன்னார். "மூன்று வருஷம் வரை குடிப்பதற்கு என்ன என்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு பானையும் காலி என்கிறார்." பிறகு எழுந்து நின்றுவிட்டார். "அப்படியானால் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களா முதலில் போக வேண்டும்? கிணறு வெட்டுகிறவர்கள் அல்லவா முதலில் போக வேண்டும்!"

"கிணறு வெட்டுகிறவர்கள் முதலில் என்கிறார்" என்றார் பதுமன். குரலில் அவசரம் வந்துவிட்டது. "பனை நிற்கிற இடத்தில் தோண்டலாம். மூன்று கிணறு. எட்டு நாள். கிணற்றுக்குள் இறக்கச் சுட்ட மண் உறை வேண்டும். ஆகவே இரண்டாவதாகக் குயவர்கள்."

"இரண்டாவதாகக் குயவர்கள் என்கிறார். சூளை போட்டால் பிறகு கூரை ஓடும் அவர்களே தருவார்கள். மூன்றாவதாகத் தச்சர்கள்!"

படகு நகர்ந்துவிட்டது. ஒருவர் சொல்ல ஒருவர் திருப்பிச் சொல்ல, ஒவ்வொரு தெருவாக வரிசையில் நின்றது. ராஜா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். தாழை சுக்கானில் கை வைத்து, தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு பேரும் எவ்வளவு பெரிய ஆட்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. அவர்களை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கடைசித் தெருவுக்கு வந்தார்கள்.

"மீனவர்களிடம் படகு இருக்கிறது. வண்டி வேண்டாம். தண்ணீர் ஊருக்குள் வந்தாலும் கழியைக் கடந்து தப்பித்துவிடுவார்கள். வேறு யாராலும் முடியாது" என்றார் பதுமன்.

"மீனவர்களிடம் படகு இருக்கிறது, வேறு யாராலும் முடியாது என்கிறார். ஆகவே மீனவர் தெரு…" அத்திக்கோன் அதற்குமேல் சொல்லவில்லை. இரண்டு பேரும் தாழையைப் பார்த்தார்கள்.

கடலுக்கு முதல் வீடு அவளுடையது. ஊரில் கடைசியாகக் கிளம்பப்போவதும் அவள் தெருதான். ஒரு சொல் போதும், அவளால் அதை மாற்றியிருக்க முடியும். ராஜா மறுக்க மாட்டான். அவன்தான் யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவன் ஆயிற்றே. மகளின் வெடித்த உதடு அவள் கண்முன் வந்தது. 

ஆனால் சுக்கான் பிடிக்கிறவள் தன் வீட்டைப் பார்த்துப் படகைத் திருப்பினால், அப்புறம் அவள் சுக்கான் பிடிக்கிறவளா?

"மீனவர் தெரு கடைசி" என்று அவளே சொன்னாள். சுக்கானை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

தெருவுக்குத் திரும்பியபோது அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "அவையில போய் உக்காந்து, நம்மளக் கடைசிக்குத் தள்ளிட்டு வந்தியா?" என்று அவள் புருஷனின் அண்ணனே கேட்டார்.

"ஆமா மாமா, தள்ளிட்டுத்தான் வந்தேன்" என்றாள் தாழை. "குயவத் தெருக்காரங்க பின்னால நின்னு, தண்ணி உள்ள வந்தா என்ன பண்ணுவாங்க? தச்சத் தெருக்காரங்க என்ன பண்ணுவாங்க? முழுகிப் போவாங்க. நாம முழுக மாட்டோம். அதனால நாம நிக்கிறோம். இந்த ஊருல கடைசியா நிக்கத் தெரிஞ்சவங்க நாம மட்டுந்தான். அது நமக்குக் குறைச்சலா?"

 கேள்வி கேட்ட பெரியவர் மீசையைத் தடவினார். "குறைச்சல் இல்ல" என்றார். அன்று மாலையே தெரு முழுக்கப் படகுகளுக்குத் தார் பூசினார்கள்.

கிணறு வெட்டுகிறவர்கள் போனார்கள். எட்டாம் நாள் ஒரு பானை நிறையத் தண்ணீர் ஊருக்கு வந்தது. பதுமனே அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தார். தெருத்தெருவாக எல்லோரும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். இனிப்பாக இருந்தது. பிறகு குயவர்கள் போனார்கள், தச்சர்கள் போனார்கள், ராஜாவின் அரண்மனையும் போனது. மீனவர் தெருவைத் தவிர வராத தெரு இல்லை.

மழை எதிர்பார்த்த நாளுக்கு முன்னாலேயே வந்தது. ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள், நடுப்பகலில் கடல் ஏறியது. தாழையின் வீட்டை எடுத்துக்கொண்டது. மீனவர் தெரு படகுகளில் ஏறியது. ஒரு பிள்ளை விடாமல், ஒரு கிழவி விடாமல், ஒரு கோழிக்கூண்டு விடாமல் ஏறியது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? பதுமன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். இடுப்பளவு தண்ணீரில், ஓலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்திக்கோனும் போகவில்லை. "கடைசித் தெரு வராமல் என் ஊர் எப்படி ஊராகும்?" என்றாராம்.

கடைசிப் படகு தாழையுடையது. அவளுடைய ஆட்கள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு வேறு படகுகளில் போய்விட்டிருந்தார்கள். மழைத் திரை. கரை தெரியவில்லை. கழியின் அடியில் மணல் எங்கே மேடு கட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அத்திக்கோன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறினார். அறுபது வயது. பாதி உயரம்தான் ஏற முடிந்தது. பதுமன் முன்னணியத்தில் குப்புறப் படுத்து, குண்டுக் கயிற்றைத் தண்ணீரில் விட்டார்.

"மேட்டில் சூளைப் புகை தெரிகிறது! வலப்பக்கம்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

"மேட்டில் புகை, வலப்பக்கம் என்கிறார்! இங்கே ஆழம் ஒரு முழம்தான், இடப்பக்கம் இறங்குகிறது!"

"ஆழம் ஒரு முழம், இடப்பக்கம் இறங்குகிறது என்கிறார்! இடப்பக்கம் போய் வலப்பக்கம் திரும்பலாம், வழி இருக்கிறது!"

தாழை சுக்கானைத் திருப்பினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை. இடப்பக்கம் போய், வலப்பக்கம் திரும்பி, ஒரு இடத்திலும் தட்டாமல் படகு ஒன்பது பனை மேட்டின் அடியில் வந்து நின்றது. ராஜா சேந்தன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, கயிற்றைத் தன் கையால் வாங்கிக் கட்டினான்.

பதுமன் ஓலையை விரித்தார். நனைந்து எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. பரவாயில்லை, அவருக்கு மனப்பாடம். "ஒருவரும் குறையவில்லை" என்றார்.

"ஒருவரும் குறையவில்லை என்கிறார்" என்றார் அத்திக்கோன். சொல்லிவிட்டுப் பதுமனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அந்த மேட்டில் புது மண்டபம் கட்டினார்கள். தூணில் வெயில் விழுகிற வழக்கத்தை விட்டுவிட்டார்கள். தாழையின் பாசி காய்ந்த சுக்கானை மட்டும் நடுவில் கிடத்தினார்கள். தாழை புதுச் சுக்கான் செய்துகொண்டாள். பழையது எங்கே என்று யாராவது கேட்டால், மண்டபத்தின் பக்கம் கை காட்டிவிட்டு, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து நடப்பாள்.

தொலைவைப் பார்க்கிறவர் சொன்னதை அருகில் பார்க்கிறவரும், அருகில் பார்க்கிறவர் சொன்னதைத் தொலைவைப் பார்க்கிறவரும் தம் வாயால் சொல்லிப் பார்க்கிற அவையில்தான் பேச்சு காரியமாகும்.